தம்பிக்காக உயிரோடு இருந்த அக்கா: திலகவதியார்

ஓம் சரவணபவ. 

போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போயிருந்தேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்தக் கோயிலைப் பத்திச் சொல்ல வேண்டியதே இல்ல. கம்பெனி பஸ் அந்த வழியா போறப்ப பாதிப் பேர் தூக்கத்துலேயே கையெடுத்துக் கும்பிடுவோம். உள்ளே ஏழடி உயரத்துக்கு நிற்கிறார் நம்ம முருகன். நைட் ஷிப்ட் முடிஞ்சு யூனிபார்மோடயே வந்து நிற்கிற பிள்ளைங்களை அங்கே எப்பவும் பார்க்கலாம். நானும் அப்படித்தான் போனேன்.

அன்னைக்குப் பிரசாதமா பஞ்சாமிர்தம் கிடைச்சுது. வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். தம்பி வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு என்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டான். அவனுக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். வாழைப்பழம், பேரீச்சை, திராட்சைன்னு பஞ்சாமிர்தத்துல இருக்கிற எல்லாத்துலயும் பொட்டாசியம் இருக்கு. கிட்னி வேலை செய்யாத உடம்பால அதை வெளியே தள்ள முடியாது. ரத்தத்துல அது ஏறிட்டா இதயத் துடிப்பையே நிறுத்திடும். இளநீரும் அதே மாதிரிதான். முருக பக்தனுக்குப் பஞ்சாமிர்தமும் கூடாது, இளநீரும் கூடாதுன்னா என்ன செய்றது சொல்லுங்க!

இந்தப் பதிவை நான் மூணு வருஷமா எழுதாம தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். திலகவதியார் வரலாறு. நம்ம அப்பர் சுவாமிகளோட அக்கா. ஏன் தள்ளிப் போட்டேன்னு நடுவுல சொல்றேன்.

முருகன் பக்கத்துல அப்பரோட அக்காவுக்கு என்ன இடம்னு சிலர் கேட்பீங்க. இந்தக் கதையை நமக்குச் சொன்னவர் சேக்கிழார். அவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர், குன்றத்தூர்ல பிறந்தவர். குன்றத்தூர் மலை மேல முருகன் இருக்கார் இல்லையா, அந்த மலைக்குக் கீழே இருக்கிற ஊர். 12ஆம் நூற்றாண்டுல சோழ அரசுல பெரிய பதவியில இருந்துகிட்டுப் பெரியபுராணம் பாடினார். அப்பரும் நமக்கு அந்நியம் இல்ல. திருமறைக்காட்டுத் தாண்டகத்துல சிவனைப் பத்திப் பாடும்போது, செந்தில்ல குடியிருக்கிற வள்ளி மணாளனுக்கு அப்பான்னு சொல்லித்தான் பாடுறார். 7ஆம் நூற்றாண்டுலயே திருச்செந்தூர் முருகனை நினைச்சவர். இது போதும்னு நினைக்கிறேன். கதைக்குப் போவோம்.

திருவாமூர்னு ஒரு ஊர். பண்ருட்டிக்குப் பக்கத்துல இருக்கு. (ஒரகடத்துக்குப் பக்கத்துல இருக்கிற பண்ருட்டி இல்ல, இது கடலூர் மாவட்டத்துப் பலாப்பழப் பண்ருட்டி.) அங்கே வேளாளர் குடியில புகழனார், மாதினியார்னு ஒரு தம்பதி. முதல்ல பிறந்தவங்க திலகவதியார். சில வருஷம் கழிச்சுப் பிறந்த பையன் மருள்நீக்கியார். இவர்தான் பின்னாடி திருநாவுக்கரசர், அதாவது அப்பர்.

திலகவதியாருக்கு 12 வயசு ஆனப்ப, பல்லவ அரசனோட படைத்தலைவர் கலிப்பகையார் பெண் கேட்டுப் பெரியவங்களை அனுப்பினார். புகழனாரும் சம்மதிச்சிட்டார். கல்யாணம் நடக்கிறதுக்குள்ள அரசன் உத்தரவு வந்து, கலிப்பகையார் வடக்கே போருக்குக் கிளம்பிட்டார். அந்தப் போர் சீக்கிரம் முடியல.

அதுக்குள்ள வீட்டுல புகழனார் நோய்ல விழுந்து இறந்துட்டார். மாதினியாரும் அவரோடவே போயிட்டாங்க. ரெண்டு பிள்ளைங்களும் அழுது, சொந்தக்காரங்க தேத்தி, காரியம் எல்லாம் முடிஞ்சுது. கொஞ்சம் மூச்சு விடறதுக்குள்ள போர்க்களத்துல கலிப்பகையாரும் இறந்துட்டார்னு செய்தி வந்துடுச்சு.

திலகவதியார் ஒரு முடிவுக்கு வந்தாங்க. அப்பா அம்மா என்னை அவருக்குக் கொடுக்கிறதா வாக்குக் கொடுத்தாச்சு, நான் அவருக்கு உரியவள், என் உயிரும் அவரோடவே போகட்டும்னு முடிவு. அந்தக் காலத்து மனசு அது. இன்னைக்கு நாம அதை ஏத்துக்கணும்னு இல்ல. அப்ப மருள்நீக்கியார் ஓடி வந்து அக்கா காலைப் பிடிச்சுக்கிட்டார். அப்பா அம்மா போன பிறகும் நான் உயிரோட இருக்கேன்னா அது உன்னைப் பார்த்துத்தான், நீயும் போறதா இருந்தா உனக்கு முன்னாடி நான் போயிடுவேன்னு கதறினார்.

அக்கா நின்னுட்டாங்க. தம்பி உயிரோட இருக்கணும்ங்கிற ஒரே காரணத்துக்காகத் தன் உயிரை வச்சுக்கிட்டாங்க. நகை எதுவும் போடலை. கல்யாணப் பேச்சே இல்ல. எல்லா உயிர் மேலயும் இரக்கம் வச்சு, வீட்டுக்குள்ளேயே தவம் மாதிரி வாழ்ந்தாங்க.

இந்த இடத்துல நான் எப்பவும் ஒரு கணக்குப் போடுவேன். பெண் கேட்டு வந்தப்ப 12 வயசு. இந்த முடிவு எடுத்தப்ப அதை விடக் கொஞ்சம்தான் கூட இருந்திருக்கும். நம்ம லைன்ல புதுசா வேலைக்குச் சேர்ற பொண்ணுங்களை விடச் சின்ன வயசு.

தம்பி வளர்ந்தார். நல்ல பிள்ளையாவே வளர்ந்தார். சொத்தை எல்லாம் தர்மத்துக்குச் செலவு பண்ணினார். அறச்சாலை, தண்ணீர்ப்பந்தல், சோலை, குளம்னு நிறைய செஞ்சார். ஆனா சின்ன வயசுலயே அத்தனை சாவு பார்த்தவர் இல்லையா, எது நிலையானதுங்கிற கேள்வி அவரை விடல. தேடிப் போய் பாடலிபுத்திரத்துல இருந்த சமணப் பள்ளியில சேர்ந்துட்டார். வடநாட்டுப் பாட்னா இல்ல இது. இன்னைக்குக் கடலூர்ல இருக்கிற திருப்பாதிரிப்புலியூர். அங்கே சமண நூல் எல்லாம் கரைச்சுக் குடிச்சு, தருமசேனர்ங்கிற பட்டத்தோட தலைமை இடத்துக்கே வந்துட்டார். சமணத்தைக் குறை சொல்ல இந்தப் பதிவு எழுதல. தமிழுக்கு அவங்க செஞ்சது கொஞ்சநஞ்சம் இல்ல. இங்கே எனக்கு முக்கியம், அக்கா தனியாயிட்டாங்க.

யாருக்காக உயிரை வச்சுக்கிட்டாங்களோ, அவரே போயிட்டார். எங்க அம்மா செய்யாறு பக்கம் கிராமத்துல இருக்காங்க. இந்தக் கதையைச் சொன்னா இந்த இடத்துல மட்டும் ஒரு பெருமூச்சு விடுவாங்க.

திலகவதியார் சொந்தக்காரங்களை விட்டுட்டு, கெடில நதிக்கு வடகரையில இருக்கிற திருவதிகைக்குப் போய்த் தங்கினாங்க. வீரட்டானேசுவரர் கோயில். சிவன் முப்புரம் எரிச்ச தலம், அட்டவீரட்டத்துல ஒண்ணு. அங்கே அவங்க பார்த்த வேலை பெரிய வேலை எதுவும் இல்ல. விடியறதுக்கு முன்னாடி எழுந்து கோயில் வாசலைக் கூட்டுவாங்க. சாணம் கரைச்சு மெழுகுவாங்க. நந்தவனத்துல பூப்பறிச்சு மாலை கட்டிக் கொடுப்பாங்க. தினமும் இதேதான்.

தினமும் ஒரு வேண்டுதலும் உண்டு. என் தம்பியை அந்த வழியில இருந்து எடுத்து எனக்குத் திருப்பிக் கொடுங்கிற வேண்டுதல். ஒரு ராத்திரி கனவுல சிவபெருமான் வந்து, கவலையை விடு, உன் தம்பி முன்னமே என்னை அடையத் தவம் செஞ்சவன், அவனைச் சூலை நோய் கொடுத்து ஆட்கொள்ளப் போறேன்னு சொன்னார். சூலைன்னா வயித்துக்குள்ள குடலைப் பிடிச்சு முறுக்குற வலி.

நான் மூணு வருஷம் பயந்தது இந்த இடத்துக்குத்தான்.

என் தம்பி ஐடிஐ முடிச்சுட்டு இங்கேயே ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட்ல சேர்ந்தான். நண்பர்களோட ரூம் எடுத்துத் தங்கினான். ஓவர்டைம், குடி, நான் போன் பண்ணா எடுக்கிறது இல்ல. எடுத்தாலும் கேட்கக்கூடாத வார்த்தை. நின்னுக்கிட்டே வேலை, இடுப்பு வலின்னு மெடிக்கல் ஷாப்ல தானே வலி மாத்திரை வாங்கி மாசக்கணக்கா போட்டிருக்கான். அதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. ஒரு கிருத்திகை அன்னைக்கு வல்லக்கோட்டையில நின்னு அழுதேன். முருகா, எப்படியாவது இவனை என்கிட்ட கொண்டு வந்து சேர்த்துடுன்னு கேட்டேன். எப்படியாவதுன்னு கேட்டேன்.

ஆறு மாசத்துல வந்து சேர்ந்தான். முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கிக்கிட்டு, ரூம் பசங்க ரெண்டு பேர் கைத்தாங்கலா ஆட்டோவுல கொண்டு வந்து விட்டாங்க. கிரியாட்டினின் எகிறிக் கிடந்துது. ரெண்டு கிட்னியும் போச்சு.

அதுக்கப்புறம் ஒரு கோயில் சொற்பொழிவுல அப்பர் கதை சொன்னாங்க. இந்தக் கனவு இடம் வந்ததும் நான் பாதியில எழுந்து வெளியே வந்துட்டேன். அக்கா வேண்டினாங்க, தம்பிக்கு நோய் வந்துது. உட்கார்ந்து கேட்க என்னால முடியல. ரொம்ப நாள் யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. இங்கேதான் முதல்ல சொல்றேன்.

சரி, கதை. பாடலிபுத்திரத்துல தருமசேனருக்குச் சூலை வந்துது. நெருப்பு வயித்துக்குள்ள எரியற மாதிரி வலி. இருட்டறையில சுருண்டு விழுந்துட்டார். கூட இருந்த துறவிகள் தங்களுக்குத் தெரிஞ்ச மந்திரம் எல்லாம் சொன்னாங்க, மந்திரிச்ச நீரைக் குடிக்க வச்சாங்க, மயிற்பீலியால தடவினாங்க. குறையல, கூடத்தான் செஞ்சுது. கடைசியில எங்களால ஆகாதுன்னு விட்டுட்டாங்க.

அப்பத்தான் அக்கா ஞாபகம் வந்துது. தனக்குச் சமைச்சுப் போடற ஆளை ரகசியமா திருவதிகைக்கு அனுப்பினார். அவன் போய் நந்தவனத்துக்கு வெளியே அம்மையாரைப் பார்த்துக் கும்பிட்டு, தம்பி அனுப்பி வந்தேன்னு சொன்னான். அவங்க முதல்ல கேட்டது அவருக்கு ஏதாவது தீங்கான்னுதான். கனவுல ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்தான். ஆனாலும் அப்படித்தான் கேட்க வருது. குடலை முறுக்குற வலி, எல்லாரும் கைவிட்டுட்டாங்க, நான் பிழைக்கிற வழியை அக்காகிட்ட கேட்டுட்டு ராத்திரியோட வந்துடுன்னு சொன்னார்னு அவன் சொன்னான்.

அம்மையார் என்ன செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? உயிரையே தம்பிக்காக வச்சிருந்தவங்க. ஓடியிருக்கணும் இல்ல? போகல. உன்னோட நான் அந்தப் பள்ளிக்கு வரமாட்டேன், இதைப் போய் அவர்கிட்ட சொல்லுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

இதைப் படிக்கிறவங்க பெரும்பாலும் அவங்களோட சைவ உறுதின்னு சொல்வாங்க. சரிதான். எனக்கு இப்ப வேற ஒண்ணும் தெரியுது.

டயாலிசிஸ் ஒரு தடவைக்கு 4 மணி நேரம். போக வர, ஊசி குத்த, முடிஞ்சு ரத்தம் நிக்கிற வரைக்கும் காத்திருக்கன்னு ஒரு நாளே போயிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதால காசு பெரிய பாரம் இல்ல, நாள்தான் பாரம். முதல் வருஷம் எல்லா நாளும் நான்தான் கூடவே போனேன். ஷிப்ட் மாத்திக் கேட்டுக் கேட்டு சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருக்கும். பாதிச் சம்பளம் லீவுலயே போச்சு. வீட்டுக்கு வந்தா அவன் துவண்டு படுத்துடுவான், கால் பிடிச்சு இழுக்கும், உருவி விடணும். அப்புறம் தண்ணிக் கணக்கு. சிறுநீர் பிரியாத உடம்பு, குடிக்கிறது எல்லாம் உள்ளேயே நிக்கும், நுரையீரல்ல கோத்துக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு பாட்டில்ல அளந்து வைப்பேன். சித்திரை வெயில்ல ஒருத்தன் ஒரு டம்ளர் தண்ணி கூடக் குடிச்சதுக்கு நான் கத்தியிருக்கேன். தட்டை விட்டெறிஞ்சிருக்கேன். ஊருக்கே தண்ணீர்ப்பந்தல் வச்சவர் கதையை எழுதுறப்ப இதையும் எழுதத்தானே வேணும்.

சொந்தக்காரங்க கேள்வி வேற. அக்கா ஒரு கிட்னி கொடுத்தா என்னவாம்னு. ரத்த வகை சேரலைன்னு எத்தனை பேருக்குத்தான் விளக்கறது? அரசு உறுப்பு மாற்றுப் பட்டியல்ல அவன் பேர் இருக்கு, வரிசை வரணும்.

ஒரு கட்டத்துல வேலையை விட்டுடலாம்னு முடிவு பண்ணி ராஜினாமா லெட்டர் கூட எழுதிட்டேன். கோயிலுக்குப் போறதும் நின்னு போச்சு. கிருத்திகை என்னைக்குன்னே தெரியாம போகும். அப்பத்தான் இந்தக் கதையைப் பயத்தோட முழுசா எடுத்துப் படிச்சேன். வரமாட்டேன்னு சொன்ன அந்த இடத்துல அப்படியே நின்னுட்டேன். அவங்க போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்த இருட்டறையில தம்பி பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க. விடியற்காலைக் கோயில் வேலை, நந்தவனம் எல்லாம் போயிருக்கும். அவங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதை அவங்க விடல. அதே நேரம் தம்பியையும் விடல. நீ இங்கே வான்னு அர்த்தம் வர்ற மாதிரிதான் சொல்லி அனுப்பினாங்க. இது என் வாசிப்பு. சேக்கிழார் இப்படி விளக்கல. பெரியவங்க தப்புன்னு சொன்னா கேட்டுக்கிறேன்.

ஆள் திரும்பி வந்து சொன்னதும் தம்பி முதல்ல சோர்ந்துதான் போனார். அப்புறம் முடிவு பண்ணினார். பாயை விட்டார், தூக்கிட்டுத் திரிஞ்ச குண்டிகையை விட்டார், மயிற்பீலியை விட்டார். வெள்ளைத் துணி உடுத்திக்கிட்டு, நம்பிக்கையான ஆளுங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, யாருக்கும் தெரியாம ராத்திரியில நடந்தார். திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து திருவதிகை சுமார் 25 கிலோமீட்டர். அந்த வலியோட.

வந்து அக்கா காலடியில விழுந்தார். நான் கரையேற வழி சொல்லுன்னு கேட்டார். அம்மையார் கோபிக்கல. இத்தனை வருஷம் எங்கேன்னு கேட்கல. இது இறைவன் அருள், எழுந்திருன்னு சொல்லி, அஞ்செழுத்து ஓதித் திருநீறு கொடுத்தாங்க. தம்பி பூசிக்கிட்டார்.

அடுத்தது நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். கோயில் திறக்கிற நேரம் ஆச்சு. அம்மையார் தம்பியைப் படுக்க வச்சுட்டுப் பக்கத்துல உட்காரல. துடைப்பம், மெழுகுற சாணம், தண்ணித் தோண்டி, மூணையும் எடுத்துக்கிட்டாங்க. தினமும் எடுத்துட்டுப் போறது. தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அன்னைக்கும் கோயில் வேலை நிக்கல. அங்கே சந்நிதியில நின்னுதான் தம்பி தன் முதல் பதிகத்தைப் பாடினார். சூலை நீங்கிச்சு. இன்னைக்கும் வயித்து வலிக்கு அந்தப் பதிகத்தைப் படிக்கிறவங்க நிறைய பேர் உண்டு. நாவுக்கரசுங்கிற பேரும் அங்கேதான் கிடைச்சுது.

என் தம்பிக்கு நீங்கல. அதையும் சொல்லிடறேன். கதையைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையையோ டயாலிசிஸையோ நிறுத்திடாதீங்க. இங்கே கமெண்ட்ல அப்படி ஒருத்தர் கேட்டிருந்தார், அதனால சொல்றேன்.

என் பயத்துக்கும் ஒரு பதில் கிடைச்சுது. கோயில்ல கிடைக்கல, ஆஸ்பத்திரியில கிடைச்சுது. ஒரு நாள் டாக்டரம்மாகிட்ட, ஆறு மாசத்துல இப்படி ஆகுமான்னு கேட்டேன். அவங்க பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாங்க. ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போயிருந்துது. திடீர்னு கெட்டுப் போனா கிட்னி பெரும்பாலும் அப்படிச் சுருங்காதாம். வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கெட்டாத்தான் சுருங்குமாம். கண்டுபிடிக்காத பிரஷர், அது மேல வலி மாத்திரை. அதாவது நான் வல்லக்கோட்டையில நின்னு அழுத அன்னைக்கே அவன் உள்ளுக்குள்ள நோயாளிதான். நான் கேட்டதால வந்தது இல்ல. அன்னைக்கு ராத்திரி ரொம்ப நாள் கழிச்சு ஒழுங்காத் தூங்கினேன். அவன் கையில டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைச்சு வச்சிருப்பாங்க. அது மேல விரல் வச்சா கிர்ர்னு துடிக்கும். துடிப்பு நின்னா ஆபத்து. தினமும் படுக்கறதுக்கு முன்னாடி தொட்டுப் பார்த்துடுவேன். அன்னைக்கு அதைக்கூட மறந்துட்டேன்னா பார்த்துக்கோங்க.

இப்ப வாரத்துல ஒரு நாள் மட்டும் நான் போறேன். ஒரு நாள் அவனோட பழைய ரூம் பையன் ஒருத்தன் போறான். ஒரு நாள் அவனே பஸ் ஏறிப் போயிட்டு வர்றான். ராஜினாமா லெட்டரைக் கொடுக்கல.

திலகவதியார் கதை இதுக்கு மேல அதிகம் இல்ல. சேக்கிழார் அதுக்கப்புறம் முழுக்கத் தம்பி பின்னாலேயே போயிடறார். சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை, கல்லோட கட்டிக் கடல்ல போட்டது, எல்லாத்துலயும் தப்பிச்சார். அந்தப் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன்னு வரலாற்று ஆசிரியர்கள் பல பேர் சொல்றாங்க. கையில உழவாரம் எடுத்துக்கிட்டு ஊர் ஊரா நடந்தார். ஒவ்வொரு கோயில்லயும் புல் செதுக்கினார். அந்த வேலையை யார்கிட்ட பார்த்துக் கத்துக்கிட்டார்னு தனியா சொல்லணுமா? ஞானசம்பந்தர் அவரை அப்பரேன்னு கூப்பிட்டார். 81 வயசு வரை வாழ்ந்து திருப்புகலூர்ல சித்திரைச் சதயத்துல முக்தி அடைஞ்சார்னு மரபு. திருமுறையில 4, 5, 6 மூணும் அவர் பாட்டு.

அக்காவுக்கு வயசானப்ப என்ன ஆச்சுன்னு கதையில இல்ல. நாயன்மார் 63 பேர் பட்டியல்லயும் அவங்க பேர் கிடையாது. பெண்கள் 3 பேர்தான் அதுல. காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். சுந்தரரைப் பெத்த அம்மா இருக்காங்க, அப்பரை வளர்த்த அக்கா இல்ல. பட்டியல் போட்டவங்ககிட்ட சண்டை போட நான் யாரு. ஆனா எனக்கு 64ஆவது ஆள் உண்டு.

போன வைகாசியில ஒரு ஞாயித்துக்கிழமை தம்பியைக் கூட்டிக்கிட்டுத் திருவதிகை போயிட்டு வந்தேன். செங்கல்பட்டு, விழுப்புரம், பண்ருட்டின்னு பஸ் மாறி மாறி. அளந்த தண்ணி பாட்டில் அவன் பையிலேயே இருந்துது. கோயில்ல திலகவதியாருக்குன்னு தனிச் சந்நிதி இருக்கு, போறவங்க தவற விடாதீங்க. அங்கே அவன் ரொம்ப நேரம் நின்னான். வெளியே வந்து உட்கார்ந்ததும், இவங்களுக்கு உடம்பு முடியாம போனப்ப யார் பார்த்துக்கிட்டாங்கன்னு கேட்டான். தெரியலடான்னு சொன்னேன்.

திரும்பறப்ப பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல பலாச்சுளை குவிச்சு வச்சிருந்தாங்க. வாசனை பஸ்சுக்குள்ள வரைக்கும் வந்துது. அவனுக்கு அதுவும் கூடாது, அதனால நான் அந்தப் பக்கமே திரும்பல. அவன் எதுவும் சொல்லாம இறங்கிப் போனான். பஸ் கிளம்பற நேரத்துல ஓடி வந்து ஏறி, ஒரு பொட்டலத்தை என் மடியில வச்சான். விழுப்புரம் வர்ற வரைக்கும் நான் சாப்பிடறதைப் பார்த்துக்கிட்டே வந்தான்.

அடுத்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட், பதிவு லேட்டாகும். வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.